இராஜாஜியின் பழமைபேண் அரசியல்: போரும் பாதுகாப்பும் மக்களாட்சியும்

தமிழ்த் திறனாய்வில் ‘பழமைவாதம்’ என்னும் சொல் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே வழங்கி வருகிறது. அதனை ஒருவர்மீது சூட்டியவுடன் ஆய்வு முடிந்துவிட்டதாகக் கருதும் போக்கும் நம்மிடையே உண்டு. அவ்வாறு முடித்துவைக்கப்பட்டவருள் முதன்மையானவர் சி. இராஜகோபாலாச்சாரியார் (1878-1972). தமிழ்த்துறைகள் அவரைச் ‘சக்கரவர்த்தித் திருமகன்’, ‘வியாசர் விருந்து’ ஆகிய நூல்களின் ஆசிரியராகவே கொள்கின்றன. அரசியல் துறையினரோ அவருடைய தமிழ்ப் பயிற்சியைப் பொருட்படுத்துவதில்லை. இவ்விரு வாசிப்புகளும் சந்திக்கும் இடம் அவர்தம் அயலுறவுக் கருத்துகளே என்பது இக்கட்டுரையின் துணிபு.

1959இல் அவர் முன்னின்று தோற்றுவித்த சுதந்திராக் கட்சி, அனுமதி, உரிமம், ஒதுக்கீடு என்பவற்றால் இயங்கிய ஆட்சிமுறையை எதிர்த்தது. 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடங்களைப் பெற்ற அக்கட்சி, 1971இல் 8 இடங்களாகச் சுருங்கியது. இவ்வரலாறு பலரும் அறிந்ததே.

வியப்புக்குரியது அதே காலத்தில் அவர் மேற்கொண்ட பிற நிலைப்பாடுகள். 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவினுள் புகுந்தபோது அதனைக் கண்டித்தார். 1962 செப்டம்பரில், 83 அகவையில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுடன் வாஷிங்டன் சென்று, அணுவெடிச் சோதனைகளை நிறுத்துமாறு குடியரசுத்தலைவர் கென்னடியிடம் வேண்டினார். அடுத்த மாதமே சீனப்போர் மூண்டது. அப்போது அணிசேராக் கொள்கையைக் கைவிட்டு மேலைநாடுகளின் துணையை நாடவேண்டும் என்றார். 1964 மே மாதம் ஷேக் அப்துல்லா சென்னைக்கு வந்து அவரைச் சந்தித்தபோது, காஷ்மீர்ச் சிக்கலில் பாகிஸ்தானுடன் இணக்கம் காணும் முயற்சிக்கு ஆதரவளித்தார். படைத்துணை வேண்டியவரே படை வேண்டா என்றதும், வல்லரசை நாடியவரே அதன் வல்லாயுதத்தை மறுத்ததும் முரண்பாடாகத் தோன்றலாம்.

முரண் மேற்போக்கானதே. திருக்குறளின் அறத்துப்பாலிலிருந்தும் பொருட்பாலிலிருந்தும் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் தந்தவர் அவர். பொருட்பாலில் ‘வலியறிதல்’ அதிகாரம் துணைவருடைய வலிமையையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. ‘வெருவந்த செய்யாமை’ அச்சுறுத்தி ஆள்வதை விலக்குகிறது. சீனப்போரில் அவர் பேசியது முன்னதன் மொழி. அணுவாயுதம் குறித்துப் பேசியது பின்னதன் மொழி. குறளிலிருந்தே அவர் தம் கொள்கையைப் பெற்றார் என்று நிறுவுவது என் நோக்கமன்று. எதற்கும் மூலம் காட்டிவிடும் ஆசை நம் துறையின் பழைய நோய். இவ்விரண்டையும் ஒருசேர ஏற்கும் மனநிலை, ‘பழமைவாதம்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காது என்பதே என் கருத்து. அளவற்ற ஆற்றல் யார் கையில் திரண்டாலும் அதனை ஐயுறுவது அம்மனநிலை. உரிமம் வழங்கும் அதிகாரியும் அணுகுண்டு வைத்திருக்கும் வல்லரசும் அதன்முன் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

எனினும், அவரைப் போற்றுவோர் தவிர்த்துச் செல்லும் பக்கம் ஒன்று உண்டு. 1951இல் நடுவண் உள்துறை அமைச்சராக இருந்தபோது அச்சிதழ்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவரே. விசாரணையின்றிச் சிறைவைக்கும் தடுப்புக்காவல் சட்டம் நீட்டிக்கப்பட்டதும் அவர் பொறுப்பில்தான். தெலங்கானா ஆயுதப் போராட்டம் ஓயாத சூழலைச் சுட்டி இதற்கு அமைதி கூறுவர். அவ்வமைதி எனக்கு ஏற்புடையதன்று. நெருக்கடியே போதிய காரணமாயின், அணுவாயுதம் குவித்தோரும் அதே காரணத்தைக் காட்டினர். அதனை அவர் ஏற்கவில்லை. அரசை ஐயுறும் குரல் அவர் ஆட்சிப்பொறுப்பில் இருந்தவரை மெலிந்தே ஒலித்தது.

1952இல் அவர் சென்னை மாநில முதலமைச்சரானது மக்கள் வாக்கால் அன்று. மேலவைக்கு நியமிக்கப்பட்டே ஆனார். 1953இல் தொடக்கக்கல்வியில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தைப் பெற்றோர்தம் தொழிலுக்கென விடுத்த திட்டத்தைச் சட்டமன்றத்தைக் கலவாமலே நடைமுறைப்படுத்தினார். அத்திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் அழைத்தனர். 1954இல் அவர் பதவி விலகினார். அறிந்தோர் சிலர் முடிவெடுத்தால் போதும் என்னும் நம்பிக்கை, ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்பதை வாக்குச்சீட்டின் இடத்தில் வைத்துவிட்டது. வலிமையான எதிர்க்கட்சி இன்றி மக்களாட்சி இல்லை என்று பின்னாளில் அவர் ஓயாது வலியுறுத்தினார். 1967இல் திராவிட முன்னேற்றக் கழகத்துடன் கூட்டணி கண்டதும் அதன்பொருட்டே. அத்தெளிவை அவருக்குத் தந்தது பொருட்பாலா, 1954ஆம் ஆண்டின் தோல்வியா என்பதை, ‘கல்கி’ இதழில் அவர் எழுதிய கட்டுரைகளைக் கால வரிசையில் வைத்துப் படிப்போரே உரைக்கவேண்டும்.