வேண்டாம் என்று சொல்லும் உரிமை

உதவி செய்யப் புறப்பட்டோர் கூடியிருந்த மன்றத்தில், "உதவ வாராதீர்!" என்னும் பொருள்பட ஒருவர் முழங்கினால் அவரை என்னென்பர்? கல்நெஞ்சர் என்பர். கருணை அறியாதவர் என்பர். முழங்கியவர் பாதிரியாராகவும் இருந்துவிட்டால், வேலியே பயிரை மேய்ந்தது என்று வைவர். 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 20-ஆம் நாள் ஒரு பாதிரியார் அவ்வாறுதான் பேசினார். அவர் பெயர் இவான் இல்லிச். கேட்டிருந்தவர்கள், கோடை விடுமுறையில் மெக்சிகோ நாட்டுச் சிற்றூர்களுக்குத் தொண்டாற்றச் செல்லவிருந்த வட அமெரிக்கக் கத்தோலிக்க மாணவர்கள். அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட அந்தப் பேருரையை மீண்டும் எடுத்துப் படித்தோம். முதன்முறை படித்தபோது பாராட்டத் தோன்றிற்று. மறுமுறை படித்தபோது வாதாடத் தோன்றிற்று. இரண்டையும் ஈண்டுச் சொல்கிறோம்.

பேசியவர் யார்? 1926-இல் வியன்னா நகரில் பிறந்தவர். நியூயார்க்கில், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழை மக்களிடையே குருவாகப் பணிபுரிந்து, அவர்தம் ஸ்பானிய மொழியைக் கற்றவர். பின்னர் மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில், இலத்தீன் அமெரிக்காவுக்குத் தொண்டாற்ற வருவோர்க்கு மொழி கற்பிக்கும் நிலையம் ஒன்றை நடத்தியவர். வட அமெரிக்கத் துறவியருள் பத்தில் ஒரு பங்கினர் இலத்தீன் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும் என்று 1961-இல் போப்பாண்டவரின் சார்பில் அழைப்பு விடுக்கப்பட்டது. அவ்வழைப்பை ஏற்று வந்தோரை அருகிருந்து கண்டவர் இல்லிச். ஆகவே இது கோயிலுக்கு வெளியே நின்று கல்லெறிந்தவரின் உரையன்று. பீடத்தருகே நின்றவரின் குரல்.

அவர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் வருகிறீர்கள், ஆயினும் செல்லும் ஊரின் மொழி உங்களுக்குத் தெரியாது. உழவனோடு ஒரு நாழிகை உட்கார்ந்து பேச இயலாத நீங்கள் அவன் வாழ்வைத் திருத்த முனைகிறீர்கள். உங்களை அறியாமலேயே உங்கள் நாட்டு நடுத்தர வகுப்பாரின் வாழ்க்கை முறைக்கு விற்பனையாளர்களாகிவிடுகிறீர்கள். எங்கள் நாட்டைப் பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், மலையேற வாருங்கள். உதவி செய்ய மட்டும் வாராதீர்கள்!

கடுமையான பேச்சு. வியட்நாமில் போர் கொழுந்துவிட்டு எரிந்த ஆண்டு அது. அந்த அனல் உரையிலும் வீசுகிறது. எனினும் உரையின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. தொண்டு செய்தே தீர வேண்டுமென்றால் உங்கள் நாட்டு ஏழைகளிடமே செல்லுங்கள் என்கிறார் இல்லிச். ஏன்? அவர்களுக்கு உங்கள் மொழி தெரியும்; பிடிக்கவில்லையென்றால், போய்த் தொலை என்று உங்கள் முகத்துக்கு நேரே அவர்களால் சொல்ல முடியும்! இந்த ஒரு கருத்துக்காகவே அவ்வுரையை இளைஞர்கள் படிக்க வேண்டும் என்கிறோம். வேண்டாம் என்று சொல்ல முடிந்தவனுக்குச் செய்வது உதவி. வேண்டாம் என்று சொல்ல முடியாதவன்மீது சுமத்துவது, எத்துணை இனிப்பாக இருந்தாலும், ஆட்சி.

இதைச் சொல்லும்போது, தேவாலயக் கூட்டு வாழ்வையே நாம் எள்ளி நகையாடுவதாக எவரும் கருத வேண்டா. அமெரிக்கச் சிற்றூர்களிலும் நகர்ப்புறங்களிலும் தேவாலயம் என்பது வழிபாட்டுக் கூடம் மட்டுமன்று. வீட்டுக்கொரு பண்டம் சமைத்து வந்து கூடியுண்ணும் இடம் அது. நோயுற்றவர் வீட்டுக்கு முறைவைத்து உணவு செல்லும். பிள்ளைகள் சேர்ந்து பாடுவர். முதியவர் இறந்தால் தோள் கொடுக்க ஆள் வரும். கடவுளை ஏற்காத நாம், மனிதனை மனிதன் தாங்கும் இந்தப் பழக்கத்தைக் குறை கூறோம்.

குறை, அந்தக் கூட்டம் கடல் கடக்கும்போது தொடங்குகிறது. ஞாயிறன்று அறிவிப்பு வருகிறது. இளைஞர்கள் பணியாரம் சுட்டு விற்றும் ஊரார் கார்களைக் கழுவியும் பணம் திரட்டுகின்றனர். ஒரே நிறத்தில் சட்டை தைக்கிறார்கள். தலைமேல் கை வைத்து வாழ்த்தி அனுப்புகிறார்கள். ஒரு வாரம் அயல்நாட்டுச் சிற்றூரில் சுவர் எழுப்புகிறார்கள், சுண்ணாம்பு பூசுகிறார்கள். திரும்பி வந்து படங்களைக் காட்டிக் கண்ணீர் மல்கச் சான்று பகர்கிறார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 இலட்சம் அமெரிக்கத் தேவாலய உறுப்பினர்கள் இத்தகைய குறுகிய காலப் பயணம் செல்வதாகச் சமூகவியல் அறிஞர் இராபர்ட் வத்னோ, 2009-இல் வெளிவந்த தம் நூலில் மதிப்பிட்டார். பயணத்தால் ஒன்றுபட்டது எந்த ஊர்? புறப்பட்ட ஊர்! செங்கல் சுமந்த நட்பு அவர்களுக்குள் வளர்ந்தது. சென்ற ஊரோ அதற்கு மேடையாக நின்றது.

இல்லிச் சினத்தோடு சொன்னதைப் பின்னர் ஒருவர் கணக்கோடு சொன்னார். 1998 அக்டோபர் இறுதியில் 'மிட்ச்' என்னும் பெரும்புயல் ஹோண்டுராசைச் சூறையாடியது. வீடிழந்தோர்க்கு வீடு கட்டித்தர வட அமெரிக்கத் தேவாலயக் குழுக்கள் அணியணியாகச் சென்றன. அந்நாட்டிலேயே வாழ்ந்த சமூகவியல் ஆசிரியர் கர்ட் வெர் பீக், அக்குழுக்கள் கட்டிய வீடுகளையும் ஹோண்டுராஸ் நாட்டுக் கிறித்தவ அமைப்புகள் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார். அவரும் கிறித்தவரே, பகைவரல்லர். உள்நாட்டார் ஒரு வீட்டை ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டினர். அயல்நாட்டுக் குழுவுக்கோ, விமானக் கட்டணம் உள்ளிட்டு, ஏறத்தாழ 30,000 டாலர் செலவாயிற்று. பதினைந்து குடும்பம் குடியேறியிருக்க வேண்டிய பணத்தில் ஒரு குடும்பம் குடியேறியது! மற்றப் பதினான்கு குடும்பங்களின் கூரை எங்கே போயிற்று? விமானத்தில் பறந்து போயிற்று.

வந்தவர்கள் அன்பாகப் பழகினார்கள் என்று ஊர் மக்கள் மகிழ்ந்து சொன்னதையும் வெர் பீக் மறைக்கவில்லை. ஆனால் பயணத்துக்குச் செலவான பணத்தில் மேலும் வீடுகள் கட்டியிருக்கலாமே என்று அவர்களே எண்ணியதையும் பதிவு செய்தார். அதை அவர்கள் முன்னமே ஏன் சொல்லவில்லை? தலைக்குமேல் கூரையில்லாதவன், கூரை போட வந்தவனிடம் கணக்குக் கேட்பானா? கேட்டால் வந்த கூரையும் போய்விடுமே!

"வீடு சிறிது; வந்தவர்களின் உள்ளம் விரிகிறதே, வாழ்நாளெல்லாம் அவர்கள் வாரி வழங்குவார்களே!" என்பர் பயணத்தை ஆதரிப்போர். அதையும் வெர் பீக் ஆராய்ந்தார். போய் வந்தவர்களின் கொடையிலும் வாழ்விலும் நிலைத்து நின்ற மாற்றம் மிகச் சிறிதே என்று கண்டார். உள்ளம் விரிந்ததாகச் சொன்னார்கள், பணப்பை விரியவில்லை.

வீட்டோடு போயிற்றா? 2010 சனவரியில் ஹெய்ட்டி நாட்டைப் பெருநிலநடுக்கம் தாக்கிய சில நாட்களில், அமெரிக்கத் தேவாலயங்களைச் சேர்ந்த பத்துப் பேர் 33 குழந்தைகளை உரிய ஆவணமின்றி எல்லை கடத்திச் செல்ல முயன்று கைதாயினர். அநாதைகளை மீட்கச் சென்றதாகச் சொன்னார்கள். குழந்தைகளுக்கோ பெற்றோர் உயிரோடிருந்தனர்! படிப்புக் கிடைக்கும், வயிறு நிறையும் என்று நம்பிப் பெற்றவர்களே பிள்ளைகளைக் கொடுத்திருந்தனர். இடிந்த வீட்டின் முன் நின்ற தாயால், வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா? அவளுக்குத் தேவை, பிள்ளையைப் பிரியாமல் பிழைக்க ஒரு வழி. அதைக் கேட்டறியும் பொறுமை நல்லெண்ணத்துக்கு இருக்கவில்லை.

இவ்வளவு தூரம் இல்லிச்சோடு நடந்து வந்தோம். இனி வாதாட வேண்டியுள்ளது. அவர் உரையில் இரண்டு குறை காண்கிறோம். மெக்சிகோ உழவனுக்காகப் பேசுகிறார்; உழவனைப் பேச விடவில்லை. உரை முழுதும் அறிஞர் மாணவரை அதட்டுகிறார். ஊர்க்காரனோ இங்கும் ஊமையாகவே நிற்கிறான். எவன் குரல் கேட்கப்படவில்லை என்று குற்றஞ்சாட்டுகிறாரோ, அவன் குரல் குற்றப்பத்திரிகையிலும் இல்லை. இது முதற்குறை.

இரண்டாவது, கதவையே அடைத்துவிடுகிறார். கடல் கடந்து வந்த தொண்டெல்லாம் தீமையா? நம் வேலூரைப் பாருங்கள். அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர், மருத்துவம் கற்று 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு பணி தொடங்கினார். ஒரு வாரத்தில் படம் பிடித்துக்கொண்டு திரும்பவில்லை. 1960-இல் மறையும் வரை இந்த நாட்டையே இல்லமாகக் கொண்டார். தாம் ஒருவரே மருத்துவம் பார்த்தால் போதும் என்றும் எண்ணவில்லை. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். நாடு விடுதலை பெற்ற காலத்தில் அந்நிலையத்தின் தலைமை, விசாகப்பட்டினத்தில் பிறந்த ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண் மருத்துவரிடம் வந்தது. அவர் மதம் நமக்கு உடன்பாடன்று. அவர் தொண்டின் முறை உடன்பாடு.

ஹெய்ட்டியிலேயே மற்றொரு சான்றும் உண்டு. 1956-இல் எழுந்த பெலிகர் அணையால் நிலம் மூழ்கி மலைச்சரிவுக்குத் துரத்தப்பட்ட உழவர்கள் வாழும் ஊர் காஞ்ச். அணை கட்டியபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. 1980-களில் அவ்வூருக்கு வந்த அமெரிக்க மருத்துவர் பால் ஃபார்மர், ஹெய்ட்டிப் பாதிரியார் ஒருவரோடு இணைந்து மருத்துவமனை அமைத்தார். மக்கள் மொழியைக் கற்றார். ஊராரையே பயிற்றுவித்து, ஊதியமும் கொடுத்து, நோயாளி வீடுதோறும் மருந்தோடு அனுப்பினார். வந்தவரை ஊர் அறிந்தது. ஊரின் கையில் வேலை தங்கியது. ஆகவே தடுக்க வேண்டியது பயணத்தையன்று. கேளாமல் செய்யும் பழக்கத்தை.

தோழர்களே! அயலார் குறையை அலசிவிட்டு எழுந்து போவதற்காக இதை எழுதவில்லை. நம் இளைஞர்களும் விடுமுறையில் சிற்றூர்களுக்குச் செல்கிறார்கள். பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள்; மூடநம்பிக்கை ஒழிய முழங்குகிறார்கள்; கைப்பேசியில் படம் எடுத்துத் திரும்புகிறார்கள். அவ்வூருக்குத் தேவை வண்ணமா, ஆசிரியரா என்று முன்னதாக எவரேனும் கேட்டதுண்டா? சிலுவை ஏந்திச் செல்பவனின் இறுமாப்பை எளிதில் காண்கிறோம். பகுத்தறிவு ஏந்திச் செல்பவனுக்கு இறுமாப்பு வராது என்று யார் சொன்னது? ஊரார் அறியாதவர், நாமே அறிந்தவர் என்று எண்ணிப் புறப்படும் கணத்தில், நாமும் ஒரே நிறத்தில் சட்டை தைத்துக்கொள்கிறோம்.

ஆதலின் அடுத்த முறை புறப்படுமுன் மூன்றே வினா. அழைத்தவர் யார்? செலவுக் கணக்கை ஊரார் பார்க்கலாமா? வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் திரும்பி வர நமக்கு மனம் உண்டா? மூன்றாவது வினாவுக்கு ஆம் என்று நெஞ்சறியச் சொல்ல முடிந்தவன் செல்லட்டும். மற்றவர்கள் முதலில் ஒரு மாதம் அவ்வூர்த் திண்ணையில் உட்கார்ந்து, பேசாமல் கேட்கட்டும்.