வெளியூர்ச் சான்றிதழ்

'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் திரையரங்குகளுக்கு வந்தபோது ஒரு பேச்சு பலமாகக் கிளம்பியது. இப்படிப்பட்டவை விழாப் படங்கள், விழாக்களோடு நிற்க வேண்டியவை, டிக்கெட் வாங்கி வருகிறவர்கள்மேல் சுமத்தக் கூடாது என்றார்கள். திருச்சியில் வளர்ந்த சிவகார்த்திகேயன் துணிந்து தயாரித்து வெளியிட்ட படம் அது. அவருடைய துணிச்சலையே குற்றமாக்கிய இந்தப் பேச்சை விமர்சகர்களில் பலரும் ஏற்றுக்கொண்டார்கள். இது முழுக்கத் தவறு என்பது என் கட்சி. 'விழாப் படம்' என்று முத்திரை குத்திவிட்டால் படத்துக்குள் போய்ப் பார்க்கும் வேலை மிச்சம். அந்த வசதிக்குத்தான் இந்தச் சொல் பயன்படுகிறது.

பழைய கதைதான். ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' (1965) படத்தை தில்லி மதித்தது, தியேட்டர்கள் கைவிட்டன. வெங்கட் சாமிநாதன் எழுதி ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' தேசிய விருது பெற்றும் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்பத் தயங்கிப் பின்வாங்கியது. பாலு மகேந்திராவின் 'வீடு' மட்டும் கொஞ்சம் தப்பித்தது.

நான் நின்று பேச விரும்புவது 1978 தீபாவளிக்கு வந்த 'அவள் அப்படித்தான்' பற்றி. திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த ருத்ரய்யாவின் முதல் படம். கறுப்பு வெள்ளை, சிக்கனமான செலவு. நல்லுசாமியும் ஞானசேகரனும் ஒளிப்பதிவு. எழுத்தில் அனந்து, வண்ணநிலவன், சோமசுந்தரேஸ்வர். கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா இருந்தும் கூட்டம் வரவில்லை. வங்க இயக்குநர் மிருணாள் சென் பாராட்டிய பிறகுதான் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. அன்று கல்கத்தா சொல்ல வேண்டியிருந்தது. 2021-இல் 'கூழாங்கல்' படத்துக்கு ரோட்டர்டாம் திரைவிழா புலி விருது கொடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லியும் அந்தப் படம் 2023-இல் நேராக ஓடிடிக்குத்தான் போயிற்று.

பாராட்டு வந்த பிறகாவது ஒழுங்காகப் படித்தோமா? 'பெண்ணியப் படம்' என்று ஒரு பெயர் வைத்தோம், நாற்பது ஆண்டுகளாக அதையே திருப்பிச் சொல்கிறோம். பெயர் பொய்யில்லை, போதாது. அந்தப் படம் மூன்று பேருக்கு இடையிலான நட்பு வற்றிப்போகும் கதை. ஆவணப்படம் எடுக்க வந்த அருண், அவனுக்கு இடம் கொடுக்கும் விளம்பர நிறுவன முதலாளி தியாகு, அங்கே வேலை பார்க்கும் மஞ்சு. துரோகம், கொலை என்று எதுவும் நடப்பதில்லை. பேசிப் பேசியே விலகுகிறார்கள். கடைசியில் காருக்குள் அருணும் அவன் புது மனைவியும் தியாகுவும் மஞ்சுவும் இருக்கிறார்கள். பெண் விடுதலை பற்றி மஞ்சு அந்தப் பெண்ணிடம் கேட்கிறாள். தெரியாது என்கிறாள் அவள். மஞ்சு நடுவழியில் இறங்கிக்கொள்கிறாள், கார் போய்விடுகிறது. அந்தக் காருக்குள் இருப்பவர்களும் இனி நண்பர்கள் இல்லை என்பதை நம் விமர்சனம் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை. தளபதி, நாடோடிகள் என்று உயிரைக் கொடுக்கும் நட்புக்கே பழகிய கண்ணுக்கு, சத்தமில்லாமல் தேயும் நட்பு கதையாகவே தெரிவதில்லை.

அமெரிக்க இயக்குநர் கெல்லி ரைக்கார்டின் 'ஓல்ட் ஜாய்' (2006) இதே விஷயத்தை மிகக் குறைந்த காசில் எடுத்தது. இரண்டு பழைய நண்பர்கள் காட்டுக்குள் வெந்நீர் ஊற்றைத் தேடிப் போய்த் திரும்புகிறார்கள், அவ்வளவுதான். முகாம் தீ முன்னால் கர்ட், நம்மிடையே ஏதோ வந்துவிட்டது என்று அழுகிறான். ஒன்றுமில்லை என்கிறான் மார்க். அந்த 'ஒன்றுமில்லை'தான் படம். இதற்கும் ரோட்டர்டாமின் புலி விருதுதான் கிடைத்தது. ஆனால் அமெரிக்க விமர்சகர்கள் விருதோடு நிற்கவில்லை. கார் ரேடியோவில் ஓடும் அரசியல் பேச்சையும் அந்த நண்பர்களின் மௌனத்தையும் சேர்த்துப் படித்தார்கள்.

அப்படிப் படிக்க நமக்கும் தெரிந்திருந்தது. எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் பேராசிரியர் எஸ். ஆல்பர்ட்டைச் சுற்றி இலக்கியமும் உலக சினிமாவும் பேசிய ஒரு வட்டம் இருந்தது. 'சினிமா ரசனை' எழுதி, பிறகு 'ஒருத்தி', 'மனுசங்கடா' எடுத்த அம்ஷன் குமார் அந்தச் சூழலில் வளர்ந்தவர். எந்த ஊர்ச் சான்றிதழுக்கும் காத்திராமல் தாமே பார்த்துத் தாமே தீர்ப்புச் சொன்னவர்கள். தமிழ் விமர்சனம் போக வேண்டிய வழி அதுதான், வேறில்லை. தேயும் நட்பைச் சொல்லும் கதைகளுக்கும் இங்கே குறைவில்லை. சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளைச் சிரிப்புக்காகப் படித்துவிட்டு மூடிவைக்கிறோம்; ரங்கு கடையில் கூடியவர்கள் ஒவ்வொருவராக எங்கெங்கோ போய்விடுகிற துக்கம் அவற்றில் இருக்கிறது. யாராவது ஒரு இளைஞர் சின்ன கேமராவோடு ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதிகளில் இறங்கினால் போதும்.

விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சின்னப் படம் திருச்சியின் மாரிஸ் தியேட்டரிலோ சோனா-மீனாவிலோ ஒரே ஒரு காட்சிக்கு வந்தாலும் முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். எந்த விழாவில் என்ன வாங்கியது என்பதைக் கட்டுரையில் எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள்.