திருப்பிப் பாருங்கள்

பழைய பூத்தையல் துணி எது கையில் கிடைத்தாலும் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பேன். முன்பக்கம் விருந்தாளிகளுக்கு. தைத்தவள் பொறுமைசாலியா, அவசரக்காரியா, எந்த இடத்தில் சலித்துப் போனாள் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும்.

பெரியம்மா கல்யாணத்துக்கு முன்பு தொடங்கிப் பாதியில் விட்ட மேசை விரிப்பு ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. மேட்டித் துணி. கட்டம் கட்டமாக நெய்திருப்பதால் பென்சிலால் வரையத் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். ஒரு காலத்தில் டிவி உறை, தலையணை உறை, கண்ணாடிச் சட்டத்துக்குள் கிளி ஜோடி என்று வீட்டுக்கு வீடு இந்தத் துணிதான். இந்த விரிப்பின் நான்கு மூலையிலும் ரோஜாக்கொத்து வரவேண்டும். இரண்டு முடிந்திருக்கிறது. மூன்றாவதில் இலைகள் மட்டும். நான்காவது மூலை வெறும் கட்டம்.

திருப்பினால் ஒரு முடிச்சு கிடையாது. நெட்டுக்குத்தாகச் சின்னச் சின்னக் கோடுகள், வரிசை பிசகாமல். இதை வைத்தே அவர் போட்ட முறையைச் சொல்லிவிடலாம். பெருக்கல் குறி வடிவத் தையல்களை ஒவ்வொன்றாக முடிக்காமல், வரிசை முழுக்க ஒரு சாய்வை மட்டும் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது மறு சாய்வால் மூடியிருக்கிறார். அப்படிச் செய்தால்தான் பின்னால் நெடுக்குக் கோடு விழும். நூல் தீர்ந்த இடத்தில் முனையை நாலைந்து கோடுகளுக்கு அடியில் நுழைத்து வெட்டியிருக்கிறார். முன்னால் பார்த்தால் மேல் இழை அத்தனையும் ஒரே பக்கம், வலது மேல்மூலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. என் கைக்கு இடது சாய்வுதான் பழக்கம். ஒன்றே ஒன்று மாறினாலும் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு அந்தப் பெருக்கல் மட்டும் நிறம் மாறியதுபோல் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் மீதி வேலையில் என் பழக்கம் செல்லாது. அவர் சாய்வுதான் சாய்வு.

நிறம்தான் பெரிய வழக்கு. முன்பக்கம் வெயிலிலும் சலவையிலும் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டது. பின்பக்கத்தில் அதே நூல் நல்ல குங்கும நிறத்தில் இருக்கிறது. கடைக்கு எடுத்துப் போய் எந்தப் பக்கத்தைக் காட்டி ஆங்கர் நூல் கேட்பது? அசல் நிறம் வாங்கினால் புது ரோஜா மட்டும் கூச்சல் போடும். வெளுத்த பக்கத்துக்கே ஒப்பிட்டு வாங்கினேன். அதுதான் சரி என்று இன்னும் நினைக்கிறேன். நூல் ஆறு இழை கொண்டது. அவர் மூன்றாகப் பிரித்துப் போட்டிருப்பதும் பின்னால் தொங்கிய ஒரு முனையை ஊசியால் விலக்கிப் பார்த்துத்தான் தெரிந்தது.

பின்பக்கத்தை மதிப்பது பெரிய மரபு. கர்நாடகத்துக் கசூதிப் பூத்தையலில் கவந்தி என்றொரு தையல். ஓட்டுத் தையலாகப் போய், அதே வழியில் விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு திரும்ப வேண்டும். முடிச்சுக்கு இடமில்லை, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். இல்கல் சேலைகளில் இதைப் பார்க்கலாம். இமயமலை அடிவாரத்துச் சம்பா கைக்குட்டைகளில் நிறம் நிரப்பிய உருவங்களே இருபுறமும் ஒரே மாதிரி தெரியும்.

எனக்கு இவற்றைவிட வியப்பு நம் நீலகிரியில் இருக்கிறது. தோடர் பெண்கள் முரட்டு வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் தையலுக்குச் சட்டமும் கிடையாது, வரைந்த கோடும் கிடையாது. இழைகளை விரலாலும் கண்ணாலும் எண்ணியே ஊசி போகும். ஊசி திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் சற்றே தொளதொளவென்று விடுவார்கள். நாம் 'பின்பக்கம்' என்று ஒதுக்கக்கூடிய அந்தச் சொரசொரப்பான பக்கத்தைத்தான் அவர்கள் வெளியே தெரியும்படி போர்த்துவார்கள். அந்தப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். 2013-இல் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்றவர்கள் பின்பக்கத்தை ஒழுங்காக்கினார்கள். இவர்கள் அதையே முகமாக்கிவிட்டார்கள். மலிவான நகல்களில் இந்தத் துணிச்சல் இராது, வழவழவென்று இருக்கும்.

வீட்டில் அரைகுறையாகக் கிடக்கும் துணியை முடிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. துவைக்கும் முன் நனைத்த வெள்ளைத் துணியைச் சிவப்பு நூல்மேல் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் போடவே வேண்டாம். இஸ்திரி போடும்போது தடித்த துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டுத் தேயுங்கள், தையல் நசுங்காது. சட்டம் போடக் கொடுத்தால் கடைக்காரர் அட்டையில் பசை தடவி ஒட்டப் பார்ப்பார். பசை நாளடைவில் மஞ்சளாகித் துணியைக் கெடுக்கும். அட்டைக்குப் பின்னால் நூலால் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடத்தான் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.