கள்ளும் கைவினையும்

தென்மேற்குப் பருவக்காற்று காலியையும் ஹிக்கடுவையையும் நனைக்கும் மாதங்களில் திருகோணமலையின் கடல் அமைதியாக இருக்கிறது. எனவே உப்புவெளியிலும் நிலாவெளியிலும் துறைமுகத்தை அடுத்த வீதிகளிலும் உல்லாசப் பயணிகள் பெருகுகின்றனர். அவர்களுக்கென எழுந்த மதுச்சாலைகளைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். ஒரு சொல்லின் பொருட்டே எழுதுகிறோம். 'கிராஃப்ட் பியர்', அதாவது கைவினை பியர், என்பது அச்சொல்.

நாம் சென்றிருந்த சாலையின் சுவரில் மீன்வலை தொங்கிற்று. பிரித்தானியப் போர்க்கப்பல்களின் பழைய படங்களும் இருந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் நாளின் ஜப்பானிய விமானத் தாக்குதல்கூட அங்கே அலங்காரமாகி விட்டிருந்தது. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும் வரை அத்தளத்தில் உழைத்த கூலிகளின் படம் ஒன்றேனும் இல்லை. விலைப்பட்டியலோ, சிறு அளவில், பொறுமையுடன், மனிதக் கையால் ஆக்கப்பட்ட பானத்தின் பெருமையை விரிவாகப் பேசிற்று.

இப்பெருமை முற்றிலும் போலியானதென நாம் கூறவில்லை. பெருந்தொழிற்சாலைகள் பியரைச் சுவையற்ற ஒரே சரக்காக்கிய போது, அதற்கெதிராக 1971இல் பிரித்தானியாவில் குடிப்போரே ஓர் இயக்கம் கண்டனர். அது நியாயமான கலகமே. நம் நாட்டிலும், 19ஆம் நூற்றாண்டில் தோட்டத்துரைமாரின் தாகந்தீர்க்க நுவரெலியாவில் தொடங்கிய வடிப்புத் தொழில் பின்னாளில் பியகமவின் பெருந்தொழிற்சாலையாக வளர்ந்தது. அதன் லயன் ஸ்டவுட்டை உலகறியச் செய்தவர் மைக்கேல் ஜாக்சன் என்ற விமர்சகர் (பாடகர் அல்லர், பியரையே வாழ்நாளெல்லாம் எழுதியவர்). ஒரு பானத்தின் நிறம், மணம், ஆக்கியோன் திறம் ஆகியவற்றை நூலொன்றை ஆராய்வது போல் ஆராயலாம் என்று அவர் காட்டினார். கள்ளைப் பற்றி நம் ஏடுகளில் அவ்வாறு எழுதும் வழக்கமில்லை.

ஏன் இல்லை? கைவினை என்ற சொல்லுக்குப் பொருள் உண்டெனில் அது முதலிற் பொருந்த வேண்டியது பனையேறுபவனுக்கன்றோ? காலையும் மாலையும் மரமேறி, பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நாள்தோறும் மெல்லிய சீவலாய்ச் சீவுகிறான். சற்று ஆழமாகச் சீவினால் பாளை கெடும். சீவாது விட்டால் ஊறல் நின்றுவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர். பூசாவிடின் காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதிகள் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடுகின்றன. பியருக்கு வேண்டிய மால்ற்றும் ஹொப்ஸும் கப்பலேறி வருவன. கள்ளுக்கு வேண்டியது மரமும் கத்தியும் ஒரு மனிதனின் உயிர்த்துணிவும்.

விடை யாவரும் அறிந்ததே. சீவல் தொழிலைச் சாதி ஒன்றின் தலையில் நம் சமூகம் கட்டியது. பிறகு அத்தொழிலையே இழிவின் அடையாளமாக்கியது. அவன் கைபட்ட கள் தீட்டாகவில்லை. அவன் வாய்பட்ட தேநீர்க் குவளை மட்டும் தீட்டாயிற்று. 1960களில் யாழ்ப்பாணத் தேநீர்க்கடைகளில் நடந்த சமத்துவப் போராட்டங்கள் அக்குவளையின் பொருட்டே எழுந்தன. அக்காலத்து மக்களைக் கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் (1972) நாயகர்களாக்கினார். மதுச்சாலையின் பட்டியலை எழுதியவர் அதைப் படித்திருக்க வேண்டுமென நாம் எதிர்பார்க்கவில்லை. நம் பல்கலைக்கழகங்களில் 'கைவினை மரபு' பற்றி உரையாற்றுவோர் படித்திருக்கலாம்.

கள் ஒரு நாளிற் புளித்துவிடும், ஆகவே உல்லாசச் சாலைக்கு உதவாது என்பர். பாதி உண்மை. போத்தலில் அடைத்த பனங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து செல்கிறது. திருகோணமலைக்கு வருவது அதனினும் எளிது. தவறணையின் வாடையை நாகரிகர் மேசை பொறுக்காது என்பதே மீதிப்பாதி.

இதனால் குடியைப் போற்றுகிறோம் என்று எவரும் கொள்ள வேண்டா. கூலி வீடு சேராத குடும்பங்களை நாம் அறிவோம். இந்நாட்டு முதலாளி வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத்திற் கணிசமான பகுதி சாராயக் குத்தகையிலிருந்தே திரண்டதென்பதைக் குமாரி ஜயவர்த்தன தம் நூலில் (2000) விளக்கியுள்ளார். குடித்தவன் ஏழை, குத்தகைக்காரன் கனவான். மதுவிலக்கு மேடைகள் முன்னவனைத் திட்டிய அளவுக்குப் பின்னவனைத் திட்டியதில்லை. 1979இன் விதி ஒன்று பெண்கள் மது வாங்குவதையும் மது விற்குமிடங்களில் வேலை செய்வதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி அந்நீக்கத்தை இரத்துச் செய்யப் பணித்தார். கனவான்களுக்கு அப்படி ஒரு விதி என்றும் இருந்ததில்லை.

1970களில் சீவல் தொழிலாளர்க்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. இடைத்தரகர் பிடியிலிருந்து தொழிலை மீட்கும் முயற்சி அது. குறைகள் பல இருந்தும் சங்கத்தின் பெயரால் தன் சரக்கைத் தானே விற்க ஏறுபவனுக்கு வழி திறந்தது. துறைமுகத்து மதுச்சாலைகள் உண்மையாகவே கைவினையை விற்க விரும்பின், அச்சங்கங்களிடம் கொள்முதல் செய்யட்டும். ஆக்கியோன் பெயரைப் பட்டியலில் அச்சிடும் வழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே உள்ளது. அங்கே பனையேறுபவனின் பெயரும், ஒரு போத்தலுக்கு அவன் பெறும் தொகையும் இடம்பெறட்டும்.