சேந்தமங்கலத்து வாசற்படி

"விசுவாசத்துக்குப் புதிதாக வருகிறவர்களை நம் பக்கத்துச் சபைகள் எப்படி வளர்த்தன என்று எழுதித் தாருங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சேந்தமங்கலம்தான். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் கடந்து போகிற ஊர். ஏறக்குறைய 280 வருஷ இடைவெளியில் இரண்டு பள்ளிகள் இதே ஊரில் வந்து இறங்கின. புதிதாக வந்தவனிடம் இரண்டும் கேட்ட கேள்விகள் வேறு வேறு.

முதலில் வந்தவர் தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர், காவி கட்டிய சந்நியாசி. பூணூலும் குடுமியும் சந்தனமும் போட்டுக்கொண்டே ஒருவன் கிறிஸ்தவனாக இருக்கலாமா என்ற வழக்கு ரோம் வரை போய், 1623 ஜனவரியில் பாப்பரசர் 15ஆம் கிரகோரியின் ஆணையால் அவர் பக்கம் தீர்ந்தது. அதே ஆண்டு அவர் மதுரையை விட்டு வடக்கே கிளம்பி, இராமச்சந்திர நாயக்கர் ஆண்ட சேந்தமங்கலத்துக்கும் பிறகு சேலத்துக்கும் வந்தார். சேலத்தில் ஆட்சியை இழந்து நின்ற திருமங்கல நாயக்கர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றது இந்தச் சமவெளிக் கிறிஸ்தவ வரலாற்றின் பழைய செய்திகளில் ஒன்று.

அந்தப் பள்ளியின் அளவுகோல் விளங்கிக்கொள்வது. இதன் அருமை தெரிய வேண்டுமானால் கடற்கரையைப் பார்க்க வேண்டும். 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது பரதவர் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். சொல்லிக் கொடுப்பதுதான் பாக்கி. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். மனப்பாடத்துக்கு ஏற்ற அளவு. கடற்கரையில் தண்ணீர் முன்னும் பாடம் பின்னுமாக வந்தது. உள்நாட்டில் நொபிலி அதைத் திருப்பிப் போட்டார். கடவுள் ஒருவரா, ஆத்துமா என்பது என்ன, மறுபிறப்பு உண்டா என்று வாதம் பண்ணி, வந்தவன் வாயடைத்த பிறகல்ல, மனம் ஒப்பிய பிறகே தண்ணீர். 'ஆத்தும நிர்ணயம்', 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்ற அவருடைய நூல்களின் தலைப்புகளே பாடத்திட்டத்தைச் சொல்லிவிடும்.

அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாய்? மேல்சாதிக்குச் சந்நியாசி குருக்கள், மற்றவர்களுக்கு 1640 முதல் பண்டாரசாமிகள் என்று குருக்களே இரு வகையானார்கள். இதை அந்தக் காலத்தின் நிர்ப்பந்தம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படித் தள்ளமாட்டேன். பின்னால் வந்த எத்தனையோ கோயில்களில் சாதிக்கொரு பக்கம் என்று உட்கார்ந்ததற்கு இங்கேயும் ஒரு வேர் இருக்கிறது.

குருமார் வரலாற்றைப் படிக்கிறபோது மறந்துபோகிற ஒருவர் உபதேசியார். சாமியார் பத்துப் பதினைந்து ஊர்களுக்குப் பொதுவானவர். வருஷத்தில் சில நாள் வருவார். பாவசங்கீர்த்தனம், பூசை, கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம் அந்த நாட்களுக்குள். மீதி நாளெல்லாம் புதிதாக வந்தவன் உபதேசியார் கையில். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளைக் கூட்டிப் பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், விசுவாச மந்திரம் சொல்லித் தருவது அவர். (ஜெபத்துக்கு 'மந்திரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளப் பழைய கத்தோலிக்கர் கூசவில்லை. இன்றைக்கு அதைக் கேட்டால் பக்கத்துச் சபைக்காரர் முகம் சுளிப்பார்.) சாகக் கிடக்கிறவனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்; அடக்கத்துக்கு முன்னால் நிற்பதும் அவர்; மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி கேட்டு ஊரார் வந்தால் புதியவனுக்காகப் பேசப் போவதும் அவர். வீரமாமுனிவர் இவர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். வருகிறவனுக்கு அளவுகோல் வைக்கும் முன் வளர்க்கிறவனுக்கு வைத்த நூல். அந்த வரிசை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. இராசிபுரம் பக்கத்துக் காக்காவேரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள், 1930இல் சேலம் மறைமாவட்டம் பிறந்து ஹென்றி புருனியே முதல் ஆயராக வரும் காலம் வரை தாக்குப்பிடித்ததில் உபதேசியார்களின் பங்கு பெரிது.

இரண்டு பள்ளிகளுக்கும் இடையில், சேலம் டவுனுக்குப் புராட்டஸ்டண்டுகளின் லண்டன் மிஷன் 1827இல் ஹென்றி கிறிஸ்ப் மூலம் வந்தது. சில ஆண்டுகளிலேயே அவர் இறந்துபோனார். 1840இல் வந்த ஜெர்மானியர் லெக்லர்தான் ஊன்றி நின்றவர். இந்தப் பள்ளி கேட்டது: வாசிக்கத் தெரியுமா? வேதம் கையில் இருக்க வேண்டும், அதைக் கண்ணால் படிக்க வேண்டும். ஆகவே சபை இருக்கும் இடத்தில் பள்ளிக்கூடம். லெக்லர் இன்னொன்றையும் கண்டுகொண்டார். சாதிக்காரர் தள்ளிவைத்தால் புதியவனுக்கு அடுத்த வேளைச் சோறு கிடையாது. அதனால் தொழிற்பள்ளி. வேதபாடத்தோடு கைத்தொழிலையும் சேர்த்தது கருணை மட்டுமல்ல, கணக்கும்கூட.

நொபிலி கேட்காத கேள்வியைக் கேட்டவர்களும் இந்தப் பக்கத்தார்தான். 1850இல் சென்னையில் கூடிய புராட்டஸ்டண்டு மிஷனரி மாநாடு, சாதியை விடமாட்டேன் என்கிறவனைச் சபையில் ஏற்க முடியாது, கூடிச் சாப்பிடுவதே சோதனை என்று தீர்மானித்தது. தரங்கம்பாடி வழி லுத்தரன்கள் இதற்கு உடன்படவில்லை. மாநாடு வைத்தது நேர்மையான அளவுகோல்தான். ஆனால் அதைத் தாண்டி வந்தவன் திரும்பிப் போக ஊர் இல்லாமல் மிஷன் காம்பவுண்டுக்குள்ளேயே வாழ்ந்து, துரைக்கும் மணியடிப்புக்கும் பழகிப்போனான். அவனைப் பார்த்து அவன் பங்காளி ஒருவனும் வரவில்லை. இந்தச் சுவரைக் கொஞ்சம் இடித்தவர் ஈரோட்டில் இருந்த மிஷனரி பாப்ளி. வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கீர்த்தனையும் கதாகாலட்சேபமும் போதும் என்று ஊர் ஊராகப் பாட்டோடு போனார்.

மறுபடியும் சேந்தமங்கலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் அங்கே இருந்தது; 1907இல் இந்தியா வந்த ஜெசி பிராண்டு அங்கிருந்துதான் கொல்லிமலையைப் பார்த்தார். 'ஸ்ட்ரிக்ட்' என்பதைச் சட்டதிட்டக் கண்டிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது திருவிருந்தைப் பற்றியது: விசுவாசித்து முழுக்கு எடுத்தவர் மட்டுமே அந்தப் பந்தியில் உட்காரலாம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வருகிறவர் சபை முன்னால் எழுந்து தனக்கு என்ன நடந்தது என்று சொந்த வாயால் சொல்ல வேண்டும். ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது சபையார். நொபிலி 'விளங்கியதா' என்றார், லெக்லர் 'படிப்பாயா' என்றார், இவர்கள் 'சொல்' என்றார்கள்.

மலையில் சொல்ல ஆளே வரவில்லை. ஜெசியும் 1913இல் அவரை மணந்த ஈவ்லினும் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். வருஷங்கள் போயின, முழுக்குக்கு ஒருவரும் இல்லை. முதல் உலகப் போர் முடிவில் இன்ஃபுளுயன்சா மலையேறியபோது இருவரும் கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாகக் கொண்டுபோனார்கள். அதுவரை எதிர்த்து நின்ற பூசாரி, சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். மலைச்சபை வளர்ந்தது அதன் பிறகுதான். பாடத்திட்டம் எதிலும் இல்லாத பாடம் அது. ஜெசி 1929இல் மலைக்காய்ச்சலில் இறந்தார். ஈவ்லினோ மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விடாமல் 1974இல் 95 வயதில்தான் கண்மூடினார். வேலூரில் தொழுநோயாளர் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த பால் பிராண்டு அவர்கள் மகன்.

இன்றைக்கு இந்தச் சமவெளியில் புதிதாக வருகிறவர்களில் மிகப் பலர் பெந்தெகொஸ்தே சபை வழியாகவே வருகிறார்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்தும் பள்ளிபாளையம் விசைத்தறிக் குடோனிலிருந்தும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குப் பாடம் தேவைப்படவில்லை. கடன், குடிகாரப் புருஷன், தீராத வயிற்றுவலி. முதல் நாளே தலையில் கைவைத்து ஜெபம். சில வாரத்தில் தோட்டத்துக் கிணற்றில் முழுக்கு. பாடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் முன்னும் பாடம் பின்னுமான கடற்கரை வழக்கம் இந்தச் சமவெளிக்கு வந்துவிட்டது. இவர்களைப் பார்த்துப் பழைய சபையார் சிரிப்பதை நான் ஒப்பவில்லை. முழுக்கு எடுத்தவள் ஒரு வாரம் வரவில்லையென்றால் மறுநாள் காலையில் பாஸ்டர் அம்மா வீட்டு வாசலில் நிற்பார். நம்மில் எத்தனை பேர் போகிறோம்? பெரியவர்களைப் படிப்படியாகத் தயாரித்துப் பாஸ்கா இரவில் திருமுழுக்குத் தரும் பழைய முறையை 1972இல் கத்தோலிக்கத் திருச்சபை மீட்டெடுத்தது. அருமையான முறை. நடைமுறையில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் கல்யாணத் தேதி குறித்த பிறகே வருகிறார்கள். பத்திரிகை அடித்தவனிடம் படிப்படியாக என்று எப்படிச் சொல்வது?

சொல்லிலும் ஒரு வேலி இருக்கிறது. ஒரு கோயிலில் 'கடவுள்', 'ஆண்டவர்', 'திருப்பலி'. அடுத்த தெருவில் 'தேவன்', 'கர்த்தர்', 'ஆராதனை'. 1995இல் வந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பு இந்த வேலியை எடுத்துவிடும் என்று நம்பினோம். பழைய மொழிபெயர்ப்பின் ஓசை காதில் ஏறியவர்கள் அதை விடவில்லை.

ரிஜிஸ்டரில் வராத இன்னொரு கூட்டம் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதிச் சலுகை கிறிஸ்தவனானவனுக்கு இல்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. பிள்ளையின் சர்டிபிகேட்டுக்காக முழுக்கைத் தள்ளிப்போடுகிற தகப்பன் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாப் பாட்டும் தெரியும். அவருக்கு எந்தப் பள்ளியின் அளவுகோலை வைப்பது என்று எந்தப் போதகரும் என்னிடம் தெளிவாகச் சொன்னதில்லை.

குடும்பத்தில் தனியாளாக வந்தவர்களின் இழவு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஓரிடத்தில் நாங்கள் பைபிளோடு போய்ச் சேர்வதற்குள் பறை வந்து, நெற்றியில் விபூதி பூசியாகிவிட்டது. இன்னோரிடத்தில் மூத்த மகன், கோயிலுக்கே போகாதவன், வாசலில் எங்களை நிறுத்தி, "அம்மா சொல்லிட்டுத்தான் போச்சு, உங்க பாட்டைப் பாடுங்க" என்றான். பறையடிக்க வந்தவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார்கள். நாங்கள் பாடி முடிக்கும் வரை காத்திருந்தார்கள்.