மன்னர் பட்டமும் மறைந்த உழைப்பும்

'ஸ்விங் இசையின் மன்னர்' எனப் போற்றப்பட்ட பென்னி குட்மன் (1909–1986), சிகாகோவில் ஏழை யூதத் தையற்காரர் ஒருவரின் பன்னிரு பிள்ளைகளில் ஒன்பதாமவர். யூத வழிபாட்டுக் கூடமொன்றில் கிளாரினெட் பயின்றவர். 1935 ஆகஸ்டு 21இல் லாஸ் ஏஞ்சலிஸின் பாலோமர் அரங்கில் அவருடைய பெருங்குழு பெற்ற வரவேற்பையே ஸ்விங் காலத்தின் தொடக்கமாகப் பலரும் கொள்வர்.

அன்று அவையை எழுப்பியவை எவை? கறுப்பினக் கலைஞர் பிளெட்சர் ஹெண்டர்சன் கருவிவாரியாக எழுதித் தந்த இசையேடுகளே. டிரம்பெட்டுகளும் சாக்ஸபோன்களும் வினாவும் விடையுமாக உரையாடும் அம்முறை, ஹெண்டர்சனின் சொந்தக் குழுவில் முன்னரே முதிர்ந்திருந்தது. 1934இல் அக்குழு கலைந்தபின், அவர் தம் ஏடுகளைக் குட்மனுக்கு விற்றார்.

குட்மன் இக்கடனை மறைத்தவரல்லர். டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் ஆகிய கறுப்பினக் கலைஞர்களை 1936இலேயே மேடையில் தம்முடன் இசைக்கச் செய்தார். 1938 ஜனவரி 16இல் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்திலும் அவர்கள் உடனிருந்தனர். நிறவேற்றுமை வேரூன்றிய நாட்டில் இது துணிவான செயலே. எனினும் பட்டம் ஒருவருக்கே வாய்த்தது. 1952இல் மறைந்த ஹெண்டர்சனுக்கு அதில் பங்கில்லை.

குட்மனின் தேர்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. வாசித்தவனின் புகழில் எழுதியவனின் பெயரையும் சேர்த்துரைப்பதே திறனாய்வின் நீதி என்பது நமது துணிபு.