தங்கவயல் தமிழ்ப் பௌத்தத்தில் சரணமும் அச்சமும்

முன்னுரை

கோலார் தங்கவயலில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேரூன்றிய தமிழ்ப் பௌத்தத்தை ஆய்வாளர் பெரும்பாலும் சாதி எதிர்ப்பு இயக்கமாகவும் அடையாள மீட்பாகவும் அணுகியுள்ளனர். ஞான. அலாய்சியஸ் 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வும், 1999இல் அவர் பதிப்பித்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளும் இத்துறைக்கு அடித்தளமாக அமைந்தன. இவ்வணுகுமுறை இன்றியமையாதது. எனினும், ஒரு வினா அதில் எஞ்சி நிற்கிறது. மும்மணிகளைச் சரணடைந்த சுரங்கத் தொழிலாளி உண்மையில் எதனை அடைந்தான்? அது அவனது அச்சத்தை என்ன செய்தது? இவ்வினாவை மணிமேகலையின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் அச்சமும்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய தங்கச் சுரங்கப் பணிக்கு வடஆற்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்தொகையாகக் குடியேறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் 3,000 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தை எட்டியது. வெப்பம், இருள், அழுத்தம் தாளாமல் பாறை வெடித்துச் சிதறும் பேரிடர் ஆகியவற்றின் நடுவே அங்கு வேலை நடந்தது. கீழே பாறையும் மேலே சாதியும் என இரு முனைகளிலிருந்தும் அச்சம் அம்மக்களைச் சூழ்ந்திருந்தது.

1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாச பண்டிதர் (1845–1914) சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் ஆகிய இடங்களில் வலுப்பெற்றன. 1907இல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவரது மறைவிற்குப் பின்னர் 1926இல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை அவ்வூர்ச் சித்தார்த்த புத்தகசாலை மறுபதிப்புச் செய்தது. நாள்தோறும் சுரங்கத்தில் இறங்கியவர்களிடையே பௌத்தம் ஏட்டிலும் வாழ்ந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

ஓர் ஒலியில் இரு சொற்கள்

தமிழில் ‘சரணம்’ என எழுதப்படுவது வடமொழியின் வேறுபட்ட இரு சொற்களாகும். ஒன்று அடியைக் குறிப்பது. மற்றொன்று புகலிடத்தைக் குறிப்பது. வடமொழியில் இவற்றின் முதலெழுத்துகள் வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆகவே, ‘சரணடைதல்’ என்றவுடன் தமிழ்ச் செவி அடிபணிதலையே கேட்கிறது. தென்கலை வைணவத்தின் மார்ஜார நியாயம், தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைப் போலத் தன்முயற்சி அற்றிருத்தலைச் சரணாகதிக்கு இலக்கணமாக்குகிறது. பௌத்தச் சரணமோ புகலிடம் என்னும் பொருளைச் சார்ந்தது. மழைக்கு ஒதுங்க வீட்டை நோக்கி நடப்பவன்தான் நடக்கவேண்டும்; வீடு அவனைத் தூக்கிச் செல்வதில்லை.

அச்சத்தால் உந்தப்பட்டோர் மலையையும் காட்டையும் மரத்தையும் கோயிலையும் புகலாகக் கொள்கின்றனர் என்றும், அவை உறுதியான புகல் ஆகா என்றும் தம்மபதம் உணர்த்துகிறது. துன்பத்தையும் அதன் காரணத்தையும் அறிதலே புகலாகும் என்பது அதன் முடிபு.

சார்ங்கலனும் கோதமையும்

அயோத்திதாசர் தம் பௌத்த விளக்கங்களுக்கு ஆதாரமாகக் கொண்ட நூல்களுள் மணிமேகலை முதன்மையானது. அதன் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் இளைஞன் சுடுகாட்டினுள் தனியே செல்கிறான். அங்குக் கண்ட பேய்க்கோலத்தால் நடுங்கித் தாயிடம் ஓடிவந்து உயிர் விடுகிறான். தாய் கோதமை சம்பாபதியிடம் முறையிட்டு, தன்னுயிரை எடுத்துக்கொண்டு மகனுயிரைத் தருமாறு வேண்டுகிறாள். தன்னையே கொடுக்க முன்வரும் இதனினும் முழுமையான சரணாகதி இருத்தல் அரிது. ஆயினும் தெய்வம் அதனை ஏற்கவில்லை. அவனுயிரைப் பேய் உண்ணவில்லை என்றும், அவனது மருட்சியைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே உண்டது என்றும் தெளிவிக்கிறது.

இப்பகுதியைக் காப்பியத்தின் இறுதிக் காதையோடு இணைத்து நோக்குதல் வேண்டும். அங்கு அறவண அடிகள் கூறும் பன்னிரு நிதானங்களின் முதற்கண்ணி பேதைமையாகும். பிறப்பின் தொடருக்கு வேராகும் அறியாமையும் சுடுகாட்டில் உயிர்கொண்ட மருட்சியும் ஓரினத்தவை. மணிமேகலை மும்மணிகளைச் சரணடைவதும் அக்காதையிலேயே நிகழ்கிறது. அதற்கு முன் அவள் பல்சமயத்தார் கூற்றுகளையும் அளவை நெறியையும் கேட்டறிகிறாள். அதற்குப் பின் நிதானங்களைக் கேட்டு நோன்பில் நிற்கிறாள். சரண் இங்குப் பயணத்தின் முடிவன்று. ஆராய்தலுக்கும் பயிலுதலுக்கும் நடுவே எடுக்கப்படும் உறுதியாகும்.

அம்பிகை விளக்கம்

சித்த மருத்துவராகவும் விளங்கிய அயோத்திதாசர், மக்கள் அஞ்சி வழிபட்ட அம்மனை வேம்பு கொண்டு வைசூரி நோயைத் தணித்த பௌத்தப் பெண் துறவியாக விளக்கினார். இதனை வரலாற்றுச் சான்றாக ஏற்பது கடினம். அவரது சொல்லாராய்ச்சி முறைக்கும் இவ்வரம்பு உண்டு. ஆயின், அவ்விளக்கம் அச்சத்தின்மீது நிகழ்த்தும் செயல் கருதத்தக்கது. சினந்து நோய் தருபவள் நோய் தீர்ப்பவளாகிறாள். அஞ்சி நின்ற இடத்தில் நன்றியும் மருந்தும் வந்து சேர்கின்றன. சம்பாபதி சார்ங்கலனின் தாய்க்கு உணர்த்தியதையே பண்டிதர் தம் மக்களுக்கு உணர்த்தினார் எனலாம்.

விழிப்பும் அதன் எல்லையும்

பஞ்சசீலத்தின் ஐந்தாம் சீலம் மதுவை விலக்குவது, அது மறதிக்கு இடமாவதனால் ஆகும். அச்சத்தை மதுவால் மழுங்கச் செய்தல் எளிது. இச்சீலமோ விழித்த நிலையிலேயே அதனை எதிர்கொள்ளப் பணிக்கிறது.

இங்கு இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, பக்தியின் சரணும் அச்சத்தை வென்றுள்ளது என்பது. மன்னன் அழைப்பை மறுத்த நாவுக்கரசரின் மறுமாற்றத் திருத்தாண்டகம் இதற்குச் சான்று. இது ஏற்கத்தக்கதே. ஆயின், அங்கு அஞ்சாமை ஆண்டவனின் உடைமையாதலால் விளைவது. பௌத்தத்தில் அது காரணம் அறிதலால் விளைவது. இரண்டாவது மறுப்பு வலியது. பேய் மருட்சியால் தோன்றலாம். பாறை வெடிப்பு மருட்சியன்று. மனவிழிப்பு சுரங்கத்தின் கூரையைத் தாங்காது. இதனை மறந்தால் விழிப்பு, தொழிலாளியின் இடர்ப்பாட்டை அவனது மனக்குறையாக்கிவிடும். காரணத்தை அறி என்னும் கட்டளையே இதற்கும் விடையாகிறது. பேயச்சத்தின் காரணம் உள்ளத்தில் இருந்தால் உள்ளத்தைத் திருத்துவதும், சாவச்சத்தின் காரணம் பணியிடத்தில் இருந்தால் பணியிடத்தைத் திருத்தக் கோருவதும் ஒரே நெறியின் இரு பயன்களாகும்.

முடிவுரை

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றோடு அம்மக்களின் அச்சங்கள் மூடப்படவில்லை. வேலையின்மையாகவும் இடப்பெயர்வாகவும் உருமாறின. தங்கவயல் தமிழ்ப் பௌத்தத்தை அடையாள வரலாறாக மட்டும் கற்பின், அது முடிந்துபோன நிகழ்வாகத் தோன்றும். அச்சத்தை ஆராயும் ஒரு பயிற்சியாகக் கற்பின், அதற்கு இன்றும் பயன் உண்டு. அடிபணிதலாகவே ஒலித்துப் பழகிய ‘சரணம்’ என்னும் சொல்லில், விழித்துத் தேடும் புகலிடம் என்னும் பொருளை நடைமுறைக்குக் கொணர்ந்ததே அவ்வியக்கம் தமிழ்ச் சமயச் சிந்தனைக்கு ஆற்றிய கொடை எனக் கருத இடமுண்டு.